தட்டிய என்ஜினும் தாமஸ் மிட்ஜ்லியும்

ஒரு பெட்ரோல் வேனை மனசுல நினைச்சுக்கோங்க. டி. கல்லுப்பட்டியில் சரக்கு ஏற்றி, பின்னால் ஒரு டிரெய்லரையும் கட்டி இழுத்துக்கொண்டு, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டி கணவாய் ஏறுது. டிரைவர் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதிக்கிறார். வேகம் ஏறவில்லை. ஆனால் பானட்டுக்குள்ளே இருந்து ஒரு சத்தம் வருது. டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி, கட கட கட. பக்கத்துல உட்கார்ந்திருக்கும் அனுபவசாலி உடனே சொல்லிவிடுவார், வண்டி நாக்கிங் ஆகுது, கியரை இறக்குப்பா என்று.

நூறு வருஷத்துக்கு முன்னால் உலகத்தின் பெரிய என்ஜினியர்களையெல்லாம் தூங்கவிடாமல் செய்த சத்தம் இது. இதை நிறுத்தியவர் நம்மை மாதிரியே ஒரு மெக்கானிக்கல் பட்டதாரி. பெயர் தாமஸ் மிட்ஜ்லி. நிறுத்திவிட்டார், சரி. ஆனால் எதைக் கொடுத்து நிறுத்தினார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சத்தம் எங்கிருந்து வருது?

முதல்ல நாக்கிங்னா என்னன்னு பார்த்துடுவோம். ஐ.சி. என்ஜின் பேப்பரில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்திருப்பீங்க.

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி விட்டதும் சிலிண்டருக்குள் இருக்கும் கலவை ஒரே நொடியில் வெடிப்பது இல்லை. பிளக்கில் ஆரம்பித்த தீ ஒழுங்காக மறுமுனையை நோக்கிப் பரவுது. காய்ந்த புல்லில் ஒரு ஓரத்தில் நெருப்பு வைத்தால் பரவுமே, அது மாதிரி. இப்படிப் பரவும் தீ, இன்னும் எரியாமல் கடைசியில் மிச்சம் இருக்கும் கலவையை அழுத்துது, சூடாக்குது. அந்தச் சூடு எல்லை மீறினால், தீ வந்து சேருவதற்கு முன்பே கடைசிக் கலவை தானாகவே பற்றி வெடித்துவிடும். அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதித் திரும்புது. அதுதான் நம் காதில் விழும் கட கட. தொடர்ந்து நடந்தால் ஹெட் கேஸ்கெட் போகும், ரிங் உடையும், பிஸ்டன் தலையில் ஓட்டையே விழும்.

பாரம் இழுக்கும் வண்டிக்கு ஏன் இது அதிகம்? என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது த்ராட்டில் முழுசாகத் திறந்திருந்தால் சிலிண்டருக்குள் கலவை நிறைய. கடைசிக் கலவை வெந்து வெடிக்க நேரமும் நிறைய. இதோடு ஒரு சூப்பர்சார்ஜரையும் மாட்டினால், அது காற்றை அழுத்தித் திணிக்கும். சைக்கிள் பம்ப் அடிச்சவங்களுக்குத் தெரியும், காற்றை அழுத்தினால் சூடாகும். கூடுதல் அழுத்தம், கூடுதல் சூடு, மலை ஏற்றம், பின்னால் டிரெய்லர். நாக்கிங்குக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளணும். நம்ம ரோட்டில் ஓடும் லாரிகள் பெரும்பாலும் டர்போ டீசல். டீசல் தானாகப் பற்றித்தான் எரியணும். பற்றத் தாமதமானால்தான் அங்கே சத்தம். அதனால் டீசலுக்கு சீட்டேன் எண், பெட்ரோலுக்கு ஆக்டேன் எண். இரண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் என்ஜினில் தொடங்கிய தேடல்

மிட்ஜ்லி 1889 மே 18 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் கண்டுபிடிப்பாளர்தான். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்தார். கெமிஸ்ட்ரி அவருடைய பாடம் இல்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1916-ல் ஓஹியோ மாநிலம் டேட்டனில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்தவர் கெட்டரிங். கரண்ட் இல்லாத கிராம வீடுகளுக்காக மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் செட்டையும் அவர் விற்றுக்கொண்டிருந்தார். அந்த என்ஜின்கள் பயங்கரமாகத் தட்டின. அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்கும் வேலை புதுப்பையனிடம் வந்தது.

மிட்ஜ்லி முதலில் சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குது என்று ஒளியைக் கொண்டு பதிவு செய்து பார்த்தார். பொறி விழுந்த பிறகு, பாதி எரிந்த பிறகுதான் அழுத்தம் திடீரென்று எகிறுது. ஆக, பழி இக்னிஷன் மேல் இல்லை, எரிபொருள் மேல்.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. பனி விலகும் முன்பே பூக்கும் ஒரு செடிக்குச் சிவந்த இலை உண்டு. சிவப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சுவதால்தான் அது சீக்கிரம் பூக்குதோ, எரிபொருளுக்கும் சிவப்புச் சாயம் போட்டால் சீக்கிரம் ஆவியாகித் தட்டாமல் இருக்குமோ என்று யோசித்தார்கள். அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் சிவப்புச் சாயம் இல்லை. கையில் கிடைத்த அயோடினைக் கலந்தார் மிட்ஜ்லி. தட்டல் குறைந்தது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. யோசனை தப்பு, விடை சரி. வேலை செய்தது நிறம் இல்லை, அயோடின்.

லேபில் தப்பான ரீடிங் வந்தால் உடனே அடித்துவிட்டுப் பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்க்கிறோமே, அப்போ இவரை நினைச்சுக்கோங்க.

ஈயம்

அயோடின் விலை அதிகம், உலோகத்தை அரிக்கும். அதனால் தேடல் தொடர்ந்தது. அனிலின், செலினியம், டெலூரியம் என்று நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்தார்கள். டெலூரியம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன் பூண்டு நாற்றம் உடம்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. ஒரு கட்டத்தில் குருட்டாம்போக்கை விட்டுவிட்டு தனிம அட்டவணையை விரித்து வைத்து, எந்தப் பக்கம் போனால் பலன் கூடுது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். கீழே போகப் போகக் கூடியது. வெள்ளீயத்துக்குக் கீழே இருப்பது ஈயம்.

1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். தட்டல் அடங்கிப்போனது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, 3 மில்லி அளவு போதும். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. ஈய ஆக்ஸைடு பிளக்கிலும் வால்விலும் படிந்தது. அதற்கு எத்திலீன் டைபுரோமைடு சேர்த்தார்கள். ஈயம் ஆவியாகும் புரோமைடாக மாறி சைலன்ஸர் வழியாக வெளியே போய்விட்டது. என்ஜின் சுத்தம். வெளியே போன ஈயம் எங்கே போச்சு என்று கணக்குப் பார்க்கவில்லை.

1923 பிப்ரவரியில் டேட்டனில் ஒரு பங்கில் விற்பனை தொடங்கியது. பெயர் எத்தில். ஈயம் என்ற சொல்லே பெயரில் இல்லை.

இங்கேதான் நீங்க கொஞ்சம் நிற்கணும். ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது மிட்ஜ்லிக்கு நன்றாகத் தெரியும். 1921-ல் 30 சதவீதம் ஆல்கஹால் கலந்த பெட்ரோலில், உயர் கம்ப்ரஷன் காரை டேட்டனில் இருந்து இண்டியானாபோலிஸ் வரை ஓட்டிக் காட்டியவரே அவர்தான். ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், நிறையவும் கலக்கணும். ஈயம் துளி போதும், பேட்டன்ட் கையில் இருக்கும், ஒவ்வொரு கேலனிலும் காசு வரும். ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து 1924-ல் எத்தில் கம்பெனியைத் தொடங்கின.

கையைக் கழுவிய நாள்

ஈயம் விஷம் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி இல்லை. 1923 தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நச்சால் பாதிக்கப்பட்டு, வேலையை விட்டு விலகி ஃப்ளோரிடாவில் ஓய்வெடுக்கப் போனார். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 5 பேர் செத்துப்போனார்கள்.

அந்த மாசம் 30-ம் தேதி மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். அவர்கள் கண் முன்னால் அந்தத் திரவத்தை எடுத்துக் கையில் ஊற்றித் தேய்த்தார். பாட்டிலை மூக்குக்குக் கீழே ஒரு நிமிஷம் பிடித்து முகர்ந்தார். ஒன்றும் ஆகாது என்று காட்டினார். என்ன ஆகும் என்று உடம்பாலேயே தெரிந்த மனிதர் அவர்.

1925 மே மாசம் அமெரிக்க அரசு கூட்டம் போட்டது. தொழில் நோய்களை ஆராய்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஈயத்தை எதிர்த்தார். விற்பனை கொஞ்ச நாள் நின்றது. அரசு அமைத்த குழு குறுகிய கால ஆய்வைப் பார்த்துவிட்டு, தடை செய்யக் காரணம் இல்லை என்றதும் மறுபடி தொடங்கியது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 1940-ல் பிரிட்டிஷ் போர் விமானங்களின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின், சூப்பர்சார்ஜர் வைத்தது. 87 ஆக்டேன் பெட்ரோலில் அதன் பூஸ்ட் சுமார் 6 பி.எஸ்.ஐ.தான். ஈயம் கலந்த 100 ஆக்டேன் கிடைத்ததும் 12 வரை ஏற்ற முடிந்தது. அதே என்ஜின், எரிபொருள் மட்டும் வேற. ஹிட்லரின் விமானப்படையைத் தடுத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

இரண்டாவது கண்டுபிடிப்பும் கயிறும்

அந்தக் காலத்து ஃபிரிட்ஜில் இருந்த வாயு கசிந்தால் ஆளைக் கொல்லும். கெட்டரிங் மறுபடி மிட்ஜ்லியிடம் வேலையைக் கொடுத்தார். 1928-ல் அவரும் சகாக்களும் சில நாளிலேயே ஃப்ரியானைக் கண்டுபிடித்தார்கள். 1930-ல் ஒரு கூட்டத்தில் அதை உள்ளே இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பற்றாது. இந்த முறை அவர் காட்டியது உண்மைதான். அது மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதை 1974-ல்தான் விஞ்ஞானிகள் சொன்னார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஃப்ரியான் தெரியாமல் நடந்தது. ஈயம் அப்படி இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

1940-ல் போலியோ தாக்கி அவருக்குக் கால்கள் விழுந்துவிட்டன. படுக்கையில் இருந்து எழ, கயிறும் கப்பியும் கொண்ட ஒரு ஏற்பாட்டைத் தானே வடிவமைத்துக்கொண்டார். 1944-ல் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் தலைவர் பதவியில் இருந்தார். அதே வருஷம் நவம்பர் 2 அன்று அந்தக் கயிறு கழுத்தை இறுக்கி இறந்து கிடந்தார். வயசு 55. சாகும்போது ஊரெல்லாம் புகழ்.

நாம எங்கே நிக்கிறோம்?

ஈயத்தின் கணக்கை எடுத்தவர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயதை ஈயத்தைக் கொண்டு அளந்தவர் அவர். எங்கே அளந்தாலும் ஈயம் கலந்து வருவதைப் பார்த்து, 1965-ல் இருந்து எச்சரித்தார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கொஞ்சம் ஈயமும் கெடுக்கும் என்பது பிறகு உறுதியானது. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயமில்லாப் பெட்ரோல்தான். நம்ம அப்பா அம்மா பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்ன காலத்துல சுவாசிச்ச காற்றில் அது இருந்தது. கடைசியாக அல்ஜீரியா 2021-ல் கார் பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தியது.

ஈயம் போனதும் நாக்கிங் திரும்பி வந்ததா? இல்லை. இன்றைக்கு என்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சர் உட்கார்ந்து அதிர்வைக் கேட்குது. சத்தம் ஆரம்பித்த உடனே இ.சி.யு. இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுது. சூப்பர்சார்ஜருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இன்டர்கூலர் காற்றைக் குளிர்விக்குது. பூஸ்ட் உள்ள பெட்ரோல் என்ஜினுக்குக் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைத்து வைக்கிறார்கள். சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோலைத் தெளித்தால் அது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளுது. டிரைவர் கியரை இறக்கினால் பாதிப் பிரச்சினை அப்போதே தீரும்.

பங்கில் இப்போ இ20 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. 20 சதவீதம் எத்தனால். மைலேஜ் குறையும், கரும்புக்குத் தண்ணீர் வேணும் என்ற நியாயமான கேள்விகள் அதற்கும் உண்டு. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். மிட்ஜ்லி ஓட்டிக் காட்டிவிட்டு ஒதுக்கிவைத்த அதே ஆல்கஹால், நூறு வருஷம் சுற்றி நம் டேங்குக்கு வந்திருக்கு.

டி. கல்லுப்பட்டிக்கே திரும்புவோம். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தில் வாழ்ந்தவர் ஜே.சி. குமரப்பா, மிட்ஜ்லிக்கு மூணு வயசு இளையவர். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கக் குறைவதைத் தேக்கம் என்றும், மரம், பயிர் மாதிரி திரும்ப வருவதை ஓட்டம் என்றும் பிரித்துக் கணக்குப் போட்டவர். ஒரு பொருளின் விலையில் சேராத செலவு யார் தலையில் விழுது என்று கேட்டவர். அந்தக் கேள்வியை 1921-ல் டேட்டன் ஆய்வுக்கூடத்தில் யாராவது பிடிவாதமாகக் கேட்டிருக்கலாம்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எஃபிஷியன்சி, காஸ்ட் என்று இரண்டு அட்டவணை போடுவோம். மூன்றாவதாக ஒரு அட்டவணை போடுங்க. உள்ளே என்ன போடுறோம், வெளியே என்ன வருது, அது யார் வீட்டு வாசலில் போய் விழுது. மிட்ஜ்லி அந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டார். அதை எழுத நமக்குத் தடை எதுவும் இல்லை.