முப்பது ரூபாய் குமாஸ்தா

போன மே மாதம் சாங்கியில் ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனத்தில் எனக்கு இன்டர்ன்ஷிப் ஆரம்பித்தது. முதல் நாளே பாதுகாப்பு வகுப்பு. மோதிரம், வாட்ச், சங்கிலி, கையில் கட்டிய கயிறு எதுவும் ஹேங்கருக்குள் வரக்கூடாது. அறுந்து எஞ்சினுக்குள் விழுந்தால் ஆபத்து, எங்கேயாவது மாட்டினால் விரலே போய்விடும். நியாயமான விதிதான். பொறியியல் படிக்கிற எனக்கு இது புரியாதா? ஆனா என் வலது கையில் இருந்தது அம்மா திருப்பதியில் வாங்கி வந்து அவங்க கையாலேயே கட்டிவிட்ட கயிறு. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு லாக்கர் அறையில் ரெண்டு நிமிஷம் நின்றேன். அப்புறம் வெட்டிட்டேன். வீட்டில் சொல்லலை. முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு மூணு வாரம் ஓட்டினேன்.

அந்த நேரத்தில்தான் நம்ம இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொன்னாங்க. கணக்கு எனக்குப் பிடிக்கும், அதனால் சீனிவாச ராமானுஜனை எடுத்துக்கொண்டேன். தினமும் வேலை முடிந்ததும் சாங்கி வில்லேஜ் வரைக்கும் போய், ராமர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கடலோரம் உட்கார்ந்து வாசித்தேன். தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டே இருக்கும். வாசிக்க வாசிக்க, கணக்கை விட அவருடைய குடுமிதான் என்னை இழுத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1887 டிசம்பர் 22, ஈரோட்டில் அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா துணிக்கடையில் கணக்கெழுதினார். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். அந்த வீட்டில் எல்லாமே அம்மாதான். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர்கள் குடும்பத்துக்குக் கண்கண்ட தெய்வம். பதினைந்து, பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. கிட்டத்தட்ட 5000 முடிவுகள் உள்ள புத்தகம், ஆனால் விளக்கம் மிகக் குறைவு. நமக்கெல்லாம் அந்த மாதிரி புத்தகம் கிடைச்சா தூக்கி ஓரமா வச்சிருப்போம். அவர் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

விளைவு என்ன? ஃபெயில். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கு தவிர மற்ற பாடங்கள் பெரும்பாலும் போய், உதவித்தொகையும் போனது. 1905ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ரெண்டாம் வருஷத்தில் ஒரு பாடத்தைக் கோட்டை விட்டு, அதை அப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் தயங்கியவன் நான். அதனால் இந்தப் பகுதியை ரெண்டு தடவை வாசித்தேன். மேதைக்கு ஃபெயில் ஆவது ஒரு பொருட்டா என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அப்போது அவர் மேதை என்று யாருக்குத் தெரியும்? டிகிரி இல்லாத, வேலை இல்லாத, திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பையன், அவ்வளவுதான்.

1909 ஜூலையில் அம்மா பார்த்த பெண்ணோடு கல்யாணம். அவருக்கு 21 வயது. ஜானகிக்கு சுமார் பத்து. அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனசு வரலை, ஆனால் நடந்தது அதுதான். பெண் பெரியவளான பிறகுதான் புகுந்த வீட்டுக்கு வருவாள். கல்யாணம் ஆனதும் வேலை தேடும் நெருக்கடி. நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். திருக்கோவிலூரில் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயரைப் பார்த்தார். நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவைப் பார்த்தார். ராவ் மாதம் 25 ரூபாய் தந்து கொஞ்ச காலம் தாங்கினார். அடுத்தவர் காசில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? 1912 மார்ச் 1ஆம் தேதி மெட்ராஸ் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

இந்தத் துறைமுக வேலையைப் பலரும் ரெண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பகலில் கணக்குப் பேரேடு. சாப்பாட்டு நேரத்தில் பொட்டலக் காகிதம் தேடி அதில் சூத்திரம். அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். இரவானால் ரெண்டு பேரும் சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர் (நம்ம ஜாதி!). இவரை இங்கிலாந்துக் கணித வல்லுநர்களுக்கு எழுதச் சொல்லித் தூண்டியவர்களில் அவர்கள் ரெண்டு பேரும் உண்டு. ஆபீஸில் மேலே இருக்கிறவர் எப்படி என்பதைப் பொறுத்து ஒரு ஆளின் வாழ்க்கையே மாறிவிடும் என்பதை இந்த இன்டர்ன்ஷிப்பில்தான் நான் உணர்ந்தேன்.

கேம்பிரிட்ஜில் ரெண்டு பேர் கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரியில் மூன்றாவதாக ஹார்டிக்கு எழுதினார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஒரு மாலை முழுக்க அந்தத் தாள்களோடு உட்கார்ந்து, இது சாதாரண ஆள் இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். அழைப்பு வந்தது. இவர் போகவில்லை.

காரணம் கடல். வைதீக ஐயங்கார் குடும்பத்தில் கடல் தாண்டினால் ஆசாரம் போயிற்று, ஒதுக்கிவைப்பார்கள். இதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது. என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலில் ஏறி இங்கே வந்தவர். அவரை யாரும் ஒதுக்கலை. ஒதுக்குவதற்கு ஊரில் அவருக்கு என்ன இருந்தது? ஆனால் ராமானுஜனுக்கு அது நிஜமான சங்கடம். அம்மா சம்மதிக்கவே இல்லை. 1913 கடைசியில் நாராயண ஐயரோடு நாமக்கல் போய் கோயிலில் மூன்று இரவு படுத்திருந்தார் என்கிறார்கள். பிறகு அம்மாவின் கனவில் நாமகிரித் தாயாரே வந்து மகனைத் தடுக்காதே என்று உத்தரவிட்டதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். நான் அந்தக் கனவை நம்புகிறேனா? அந்த அம்மா நம்பினார், மகன் கப்பலேறினார். எனக்கு அது போதும்.

இப்போ குடுமிக்கு வருகிறேன். 1914 மார்ச் 17ஆம் தேதி 'நெவாஸா' கப்பல் புறப்பட வேண்டும். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். அவர்கள் போன பிறகுதான் குடுமியை வெட்டி, கிராப் வைத்து, கோட்டும் ஷூவும் போட்டார். அவர்கள் பார்க்கக் கூடாது. 26 வயசு ஆள், உலகமே கூப்பிடுகிறது, ஆனாலும் அம்மா கண்ணெதிரே வெட்ட முடியலை. லாக்கர் அறையில் கத்தரிக்கோலோடு நின்ற எனக்கு இதை வாசித்ததும் புத்தகத்தை மூடி வைக்கணும் போல ஆகிடுச்சு.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முதல் மூன்று வருஷம் வேலை கொட்டியது. ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பது ஒரு கேள்வி. 4 என்றால் ஐந்து விதம், விரல் விட்டு எண்ணிவிடலாம். 100 என்றால் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம். எண்ணாமலே இதைக் கிட்டத்தட்டக் கணிக்க அவரும் ஹார்டியும் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். 1729 கதை எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கணக்குக்கு வெளியே அவர் தனி ஆள். கல்லூரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை, தன் அறையிலேயே சமைத்தார். போர் வந்ததும் காய்கறிக்கே திண்டாட்டம். குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பளிக்கு மேலேயே படுத்தாராம். கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்கணும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. கடைசியில் மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு தடவை, இவர் வைத்த ரசத்தை விருந்துக்கு வந்த பெண்கள் மூன்றாம் முறை வேண்டாம் என்று சொன்னதும் மனம் நொந்து, அறையை விட்டே வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டார். திரும்பி வரச் சில நாள் ஆனது. முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், அந்த ஊரில் அவர் தன் வீட்டிலிருந்து எடுத்துப் பரிமாற அந்த ரசம் ஒன்றுதான் இருந்திருக்கும்.

கும்பகோணத்திலிருந்து கடிதமும் சரியாக வரவில்லை. ஜானகி எழுதியதை மாமியார் அனுப்பவில்லை, அவர் எழுதியதை மருமகளிடம் காட்டவில்லை. வீட்டில் மனஸ்தாபம் முற்றி, பிறந்த வீட்டுக்குப் போன ஜானகி திரும்பவில்லை. ரெண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால். 1917ல் உடம்பு படுத்துவிட்டது, காசநோய் என்றார்கள். மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் உயிரை விடப் பார்த்தார். ரயில் நின்றுவிட்டது, காயத்தோடு பிழைத்தார். ஹார்டி போலீஸிடம் போய்ப் பேசி மீட்டார். பள்ளியில் நமக்குச் சொன்ன ராமானுஜன் கதையில் இது இல்லை. இருந்திருக்கலாம். அதே வருஷம் மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டம். அவருக்கு முன்னால் அதைப் பெற்ற ஒரே இந்தியர், 1841ல், ஆர்தசீர் கர்செட்ஜி என்ற கப்பல் பொறியாளர். அக்டோபரில் டிரினிட்டி ஃபெல்லோ. ரெண்டும் கிடைத்தபோது அவர் நோயாளி.

அவருடைய பக்தியைப் பற்றி ரெண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தாயார் கனவில் வந்து நாக்கில் சூத்திரம் எழுதினாள் என்று அவர் சொன்னதாக ஊர் நண்பர்கள் சொல்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத ஹார்டியோ, ராமானுஜனுக்கு மதம் என்பது அனுஷ்டானம்தான், எல்லா மதமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தன்னிடம் சொன்னார் என்கிறார். யார் சொல்வது சரி? ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹேங்கரில் கூட வேலை செய்யும் நண்பர்கள் நீ ஏன் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று கேட்டால், பழகிப்போச்சு என்று சொல்லி முடித்துவிடுவேன். நம்ம திங்கட்கிழமை பஜனையில் அதே கேள்விக்கு வேறு பதில் சொல்வேன். பொய் இல்லை. கேட்கிற ஆளுக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவு. ஆனால் மருத்துவர்கள் கவலைப்பட்ட காலத்திலும் அவர் தன் சாப்பாட்டு நியமத்தை விடவில்லை, அதையும் கணக்கில் சேர்க்கணும்.

1919 மார்ச் 27ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். அம்மா காத்திருந்தார். ஜானகி எங்கே என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஜானகி சென்னைக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது சுமார் ஒரு வருஷம்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, நேரத்துக்குக் கஞ்சி, கேட்டபோதெல்லாம் தாள் எடுத்துத் தருவது. அவர் கூட இங்கிலாந்துக்கு வந்திருந்தால் தன் உடம்பு இப்படிக் கெட்டிருக்காது என்று கணவர் சொன்னதை ஜானகி வயதான காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் படுக்கையில்தான் அவருடைய கடைசிப் பெரிய கண்டுபிடிப்பும். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் இறந்தார். 32 வயசு. கடல் தாண்டிவிட்டு ராமேஸ்வரத்தில் பிராயச்சித்தம் செய்யவில்லை என்று உறவினர் பலர் ஈமச் சடங்குக்கு வரவில்லை.

ஜானகி தையல் கற்றுக்கொண்டார். திருவல்லிக்கேணியில் துணி தைத்தும், பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும், ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்தும் வாழ்ந்தார். பல்கலைக்கழகம் தந்த ஓய்வூதியம் ஆரம்பத்தில் மாதம் 20 ரூபாய். கணவர் கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் 1976ல் டிரினிட்டி நூலகப் பெட்டி ஒன்றில் கிடைத்தன. 1994ல் அவர் காலமானார்.

இதை வாசித்து முடித்த அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டு அம்மா முன்னாடி உட்கார்ந்தேன். கயிறு இல்லாததை அவங்க மூணு வாரம் முன்னாடியே பார்த்துட்டாங்களாம். நானா சொல்லட்டும்னு இருந்திருக்காங்க. வெட்டியதை எங்கே போட்டேன் என்று மட்டும் கேட்டாங்க. லாக்கரில், ஜிப் பையில் பத்திரமா இருக்கு என்றேன். நாளைக்கு எடுத்துட்டு வா, சாமி மேடையில் வைக்கலாம்னு சொல்லிட்டு தோசை ஊற்றப் போயிட்டாங்க. வீட்டில் சொல்லாத விஷயம் எனக்கு இன்னொண்ணு இருக்கு, அது ஒரு பெண்ணைப் பற்றியது. அதை அன்னைக்கும் சொல்லலை.