ஒலிம்பிக் தங்கமா, இங்கிலாந்து டூரா? 1936-ல் எம்.ஜே.கோபாலன் எடுத்த முடிவும் அதற்குக் கொடுத்த விலையும்!

தாழையூத்து சங்கர் நகர் மைதானத்துல டிஎன்பிஎல் மேட்ச்னா போதும், பாளையங்கோட்டையிலிருந்து பைக்குல ஒரு கூட்டமே கிளம்பிடும். அதே நெல்லை சீமையில கொஞ்சம் வடக்கே போனா கோவில்பட்டி. அங்க பையன்க கையில பேட்டை விட ஹாக்கி மட்டைதான் அதிகம். இந்த ரெண்டு விளையாட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர் ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில், ரெண்டில் ஒன்றை மட்டும் தேர்வு செய்ய வேண்டிய நிலை அவருக்கு வந்தது. அவர்தான் எம்.ஜே.கோபாலன்.

யார் இந்த கோபாலன்?

செங்கல்பட்டு பக்கம் உள்ள மொரப்பாக்கம்தான் சொந்த ஊர். குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்த பிறகு, கோபாலன் அங்குள்ள தெருக்களிலும் மைதானங்களிலும் பந்து வீசி வளர்ந்தார். ஓங்கிய உடல்வாகு. நீண்ட நேரம் சளைக்காமல் வீசும் வேகப்பந்து வீச்சாளர்.

அவரை அடையாளம் கண்டவர், சென்னை கிரிக்கெட்டில் அப்போது பெரிய ஆளாக இருந்த ஆங்கிலேயர் சி.பி.ஜான்ஸ்டன். கோபாலனுக்கு பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. இன்றைக்கு மாதிரி ஐபிஎல் ஏலமோ, பிசிசிஐ ஒப்பந்தமோ அப்போது கிடையாது. சம்பளத்துக்கு ஒரு வேலை, அதோடு விளையாட்டு. பெரும்பாலான வீரர்களின் வாழ்க்கை இப்படித்தான் ஓடியது.

டெஸ்ட் வாய்ப்பு எப்படி வந்தது?

1933-34-ல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் நடந்த 2-வது டெஸ்ட்டில் கோபாலன் அறிமுகம் ஆனார். கேப்டன் சி.கே.நாயுடு. அந்த மேட்ச்சில் கோபாலனுக்குக் கிடைத்தது ஒரு விக்கெட்.

அடுத்த டெஸ்ட் எங்கே தெரியுமா? அவரோட சொந்த மைதானமான சேப்பாக்கத்தில். சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் மேட்ச்சே அதுதான். ஆனால் அந்த 11 பேரில் கோபாலன் பெயர் இல்லை. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரே டெஸ்ட்தான் அவர் வாழ்க்கையின் முதலும் கடைசியுமான டெஸ்ட் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

ரஞ்சி கோப்பையின் முதல் பந்து

அதே 1934-ல் சேப்பாக்கம் கோபாலனுக்கு வேறொரு பெருமையைக் கொடுத்தது. நவம்பர் 4-ம் தேதி ரஞ்சி கோப்பையின் முதல் போட்டி அங்கே தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. அந்தத் தொடரின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்.

அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் முதல் இன்னிங்ஸில் 48, இரண்டாவது இன்னிங்ஸில் 59. சென்னை எடுத்தது 130. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஏ.ஜி.ராம் சிங் மட்டும் 11 விக்கெட் எடுத்தார். இன்றைக்கு நடக்கும் ஒவ்வொரு ரஞ்சி மேட்ச்சுக்கும் தொடக்கப் புள்ளி கோபாலன் கையிலிருந்து கிளம்பிய அந்தப் பந்துதான்.

ஹாக்கி எங்கிருந்து வந்தது?

கிரிக்கெட் சீசன் இல்லாத நாட்களில் கோபாலன் ஹாக்கி மட்டையைத் தூக்கினார். சும்மா பொழுதுபோக்குக்காக இல்லை. 1935-ல் த்யான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய அணியில் இடம்பிடிக்கும் அளவுக்கு ஆடினார். அந்தப் பயணத்தில் த்யான் சந்த் மட்டும் சுமார் 200 கோல் அடித்தார் என்றால் அது எப்பேர்ப்பட்ட அணி என்று பார்த்துக்கொள்ளலாம்.

1936: ஒரு பக்கம் பெர்லின், ஒரு பக்கம் லண்டன்

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக். அதே கோடையில் இந்திய கிரிக்கெட் அணியின் இங்கிலாந்து பயணம். ரெண்டு கதவும் கோபாலனுக்குத் திறந்திருந்தது. ஆனால் ஒன்றில்தான் நுழைய முடியும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்வு செய்தார்.

இன்றைக்குப் பார்த்தால் தப்பான கணக்கு மாதிரி தெரியும். ஆனால் அன்றைய நிலைமையை யோசிக்கணும். இந்திய ஹாக்கி அணி 1928, 1932 என ஏற்கனவே ரெண்டு தங்கம் வாங்கியிருந்தது. கிரிக்கெட்டில் இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கியதே 1932-ல்தான். இங்கிலாந்து மண்ணில் டெஸ்ட் தொடர் ஆடும் வாய்ப்பு என்பது ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு லேசில் கிடைக்கிற ஒன்று இல்லை.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார், அதாவது விஸ்ஸி. ஆட்டத்தை விட அணிக்குள் நடந்த சண்டைதான் அதிகம் பேசப்பட்டது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை டெஸ்ட் தொடர் தொடங்கும் முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேகப்பந்து வீச்சில் முகமது நிசார் இருந்தார். லங்காஷயர் லீக்கில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த அமர் சிங்கையும் டெஸ்ட்டுகளுக்கு வரவழைத்தார்கள். 3 டெஸ்ட்டிலும் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை.

இதே அணியில் இன்னொரு சென்னைக்காரரும் இருந்தார். டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடிய கோட்டா ராமசாமி. 40 வயதில் மான்செஸ்டரில் அறிமுகமாகி 40, 60 என ரன் எடுத்தார். வாய்ப்பு கிடைத்தால் என்ன செய்யலாம் என்பதை பக்கத்திலேயே இருந்து பார்த்தார் கோபாலன்.

இதில் மனசை உறுத்துகிற விஷயம் தேதிதான். ஆகஸ்ட் 15-ம் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட் தொடங்கியது. கோபாலன் அணியில் இல்லை. அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என வீழ்த்தி தங்கம் வென்றது.

மறுபடி வாய்ப்பே வரலையா?

வரலை. இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்தது. 1936-க்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946-ல்தான். 10 வருஷம் ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு முழு ஆயுள் மாதிரி.

ஆனால் கோபாலன் மூலையில் உட்காரவில்லை. சென்னை அணிக்காகத் தொடர்ந்து ஆடினார். 1950-களின் தொடக்கம் வரை முதல்தரப் போட்டிகளில் அவர் பெயர் இருந்தது. 200-ஐ நெருங்கும் அளவுக்கு விக்கெட்டுகள் எடுத்தார். பேட்டிங்கிலும் கைகொடுத்தார். பின்னாளில் இந்திய அணியின் தேர்வாளராகவும் இருந்தார். வாய்ப்புக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர், மற்றவர்களுக்கு வாய்ப்பு கொடுக்கும் இடத்துக்கு வந்தார்.

அவர் பெயரில் 1950-களில் கோபாலன் கோப்பை தொடங்கப்பட்டது. சென்னையும் இலங்கையும் மோதிய தொடர் அது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைக்காத அந்தக் காலத்தில், அங்குள்ள வீரர்களுக்கு வெளியூர் அணியோடு மோதிப் பார்க்க இந்தத் தொடர் பெரிய உதவியாக இருந்தது. 1964-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

2003 டிசம்பரில் சென்னையில் கோபாலன் காலமானார். அப்போது உயிரோடு இருந்த உலகின் மிக வயதான டெஸ்ட் வீரராக அவர் கருதப்பட்டார்.

கணக்குப் பார்த்தால் ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட், கைக்கு எட்டாமல் போன ஒரு ஒலிம்பிக். ஆனால் நெல்லையில் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில், கிரிக்கெட்டா ஹாக்கியா என்று இன்றைக்கும் ஒரு பையன் யோசித்துக்கொண்டு நிற்கலாம். 1936-லேயே அந்த இடத்தில் நின்றவர் கோபாலன். முடிவு கைகொடுக்கவில்லை. ஆனாலும் பந்தைக் கீழே போடாமல் இன்னும் 15 வருஷத்துக்கு மேல் ஆடினார்.