ஜி. சுப்பிரமணிய ஐயரும் தமிழில் அரசியல் கருத்துருவாக்கமும்

திருவையாற்றில் 1855இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் ஆசிரியப் பணியாற்றியவர். தி. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் எதிர்த்தபோது, மறுமொழி கூற இந்தியர்க்கென ஓர் இதழ் இல்லாத குறை புலப்பட்டது. 1878இல் அவரும் நண்பர் ஐவரும் ‘தி இந்து’வைத் தொடங்கினர், முதலில் அச்சானவை 80 படிகளே. 1885இல் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே.

ஆயினும் ஆங்கில இதழ் எட்டியது கற்றோரின் சிறு வட்டத்தையே. நிலவரியைச் செலுத்தியோர் அவ்வட்டத்திற்கு வெளியே இருந்தனர். 1882இல் அவர் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ அவர்களை நோக்கியது. ஆட்சியின் நடைமுறைகளை அன்றாடத் தமிழில் விளக்க அவ்விதழ் சொற்களையே தேட வேண்டியிருந்தது. ஆள்வோரைக் குறித்துத் தமிழில் வாதிடும் பழக்கம் இத்தேடலினூடே உருவாயிற்று. 1904இல் பாரதி துணையாசிரியராகச் சேர்ந்ததை மட்டுமே கொண்டு அவ்விதழை மதிப்பிடும் வழக்கம் இம்முன்பணியை மறைத்துவிடுகிறது.

தாம் எழுதியதைத் தம் இல்லத்திலும் அவர் கைக்கொண்டார். கைம்பெண்ணான மகளுக்கு 1889இல் மறுமணம் செய்வித்தார், சுற்றத்தார் விலகினர். அரசியலில் அவரோடு உடன்பட்டோர் பலர் சமூகச் சீர்திருத்தத்தில் உடன்படவில்லை. 1898இல் ‘இந்து’வை விட்டு நீங்கினார், மறு ஆண்டே ‘சுதேசமித்திரன்’ நாளிதழாயிற்று. 1908இல் அரசநிந்தனைக் குற்றச்சாட்டில் சிறைப்பட்ட அவர், நோயுற்று 1916 ஏப்ரலில் மறைந்தார்.