சுகஸ்தான் வீட்டுப் பெரியவர்

நம் கல்லூரி வளவில் படித்த எவருக்கும் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் சமாதி தெரியும். அவர் வாழ்ந்த வீட்டை அறிந்தவர்கள் எம்மில் மிகச் சிலர்.

கொழும்பில் ஒல்லாந்தர் கறுவாப் பயிரிட்ட நிலம் பின்னாளில் நிழல் மரங்களும் அகன்ற வீதிகளும் கொண்ட கறுவாத்தோட்டம் ஆயிற்று. அங்கே வார்ட் பிளேசில் இருந்த பெரிய வீடு சுகஸ்தான். தம்பி சேர் அருணாசலம் அயலிலே ஹோர்ட்டன் பிளேசில் குடியிருந்தார்.

1851இல் கொழும்பிற் பிறந்த இராமநாதன், தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி மறைந்ததும் 1879இல் அவருடைய இடத்துக்குச் சட்டநிரூபண சபை சென்றார். 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரல். 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகத் தெரிவானார்.

1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிறந்து, சிங்களத் தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். உலகப் போர் நடந்த காலம். கடலில் நீர்மூழ்கிகளின் அபாயம். அறுபதைத் தாண்டிய இராமநாதன் கப்பலேறி லண்டன் சென்று அவர்களுக்காக வாதாடினார். திரும்பியபோது சிங்கள மக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவரது வண்டியைத் தாங்களே வார்ட் பிளேஸ் வரை இழுத்துச் சென்றார்கள். பின்வந்த காலத்தைக் கண்ட நமக்கு அந்த ஊர்வலத்தை நினைக்க மனம் கனக்கிறது.

இதற்கு இரண்டு வருடம் முன்னரே, 1913இல், நம் கல்லூரி மருதனார்மடத்தில் தொடங்கிவிட்டது. அயலூர் உடுவிலில் அமெரிக்க மிஷனின் பெண்கள் பாடசாலை 1824 முதல் நடந்துவந்தது. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தோடு ஆங்கிலமும் கற்கத் தங்கிப் படிக்கும் இடம் வேண்டுமென்று அவர் தம் செல்வத்தை இங்கே கொட்டினார். முதல் அதிபராக வந்த புளோரன்ஸ் பார் லண்டன் நாடக மேடையில் பெயர் பெற்றவர். 1917இல் கொழும்பில் காலமானார். சைவக் கல்லூரிக்கு ஓர் ஆங்கில நடிகையை அதிபராக்க அக்காலத்தில் வேறு யார் துணிந்திருப்பார்!

ஆனால் இதே பெரியவர், டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, சர்வசன வாக்குரிமையையும் பெண்களின் வாக்குரிமையையும் எதிர்த்தார். மேரி இரட்ணமும் தோழியரும் 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்துப் போராடிக்கொண்டிருந்தனர். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், வாக்கு வேண்டாம் என்ற அவரது நிலையை நம்மால் ஏற்க முடியாது. முதுமையின் தளர்ச்சி என்று அதை மூடிவிடவும் கூடாது. எழுபத்தொன்பதாவது வயதிலும் அந்தத் திட்டத்தை எதிர்க்க லண்டன் போனவர் அவர்.

1930 நவம்பரில் அவர் மறைந்தார். அடுத்த வருடம் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். யாழ்ப்பாணத்தில் பகிஷ்கரிப்பு நடந்ததால், அங்கிருந்த நம் மூத்த மாணவிகளுக்கு அந்த வாய்ப்பு 1934இலேயே கிடைத்தது. அதற்குள் 1932இல் நேசம் சரவணமுத்து வட கொழும்பின் உறுப்பினராகிவிட்டார்.

அவுஸ்திரேலியாவில் பிறந்த லீலாவதி அம்மையார் 1953இல் மறையும்வரை கல்லூரியைக் காத்தார். சுகஸ்தானின் பெயர் இன்று வார்ட் பிளேசை அடுத்த ஓர் ஒழுங்கைக்கு நிற்கிறது. வீட்டுக்காரர் நம் வளவில் இருக்கிறார்.