மணலில் புதைந்த மட்டை, விமானம் கொடுத்த ஐடியா: கோல்ஃப் 'வெட்ஜ்'-ஐ மாற்றிய ஜீன் சாரசன் யார்?

ஆபீஸ் நண்பர்களோடு முதல் முறையாக கோல்ஃப் ஆடப் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். பந்து பங்கரில், அதாவது மைதானத்தில் உள்ள மணல் பள்ளத்தில் போய் விழும். ஓங்கி அடித்தால் மட்டை மணலுக்குள் புதையும். பந்து மட்டும் நகராமல் அங்கேயே கிடக்கும்.

இந்த அவஸ்தை ஒரு சாம்பியனுக்கும் இருந்தது. அவர் ஜீன் சாரசன். இன்று உலகம் முழுக்க கோல்ஃப் பைகளில் இருக்கும் 'சேண்ட் வெட்ஜ்' மட்டை, அவர் தன் கையாலேயே செய்து பார்த்த ஒரு பரிசோதனையிலிருந்து வந்ததுதான்.

தச்சரின் மகன்

1902 பிப்ரவரி 27-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹாரிசன் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். வைத்த பெயர் யூஜெனியோ சரசேனி. அப்பா தச்சுவேலை செய்தவர். வீட்டில் கஷ்டம். சின்ன வயதிலேயே பணக்காரர்களின் கோல்ஃப் பையைச் சுமக்கும் 'கேடி' வேலைக்குப் போனார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

பதின்ம வயதில் நுரையீரல் நோய் வந்து உயிர் பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. தூசி படிந்த தொழிற்கூட வேலை வேண்டாம், திறந்தவெளியில் இரு என்று டாக்டர்கள் சொல்ல, அது அவரை கோல்ஃப் பக்கமே திருப்பிவிட்டது. சரசேனி என்ற பெயர் வயலின் வித்வான் பெயர் மாதிரி இருப்பதாகத் தோன்றியதால், அதை சாரசன் என்று மாற்றிக்கொண்டார்.

உயரம் வெறும் 5 அடி 5 அங்குலம். ஆனால் 1922-ல், 20 வயதிலேயே யுஎஸ் ஓபன், பிஜிஏ சாம்பியன்ஷிப் இரண்டையும் வென்றார்.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. 1923-ல் ஸ்காட்லாந்தின் ட்ரூன் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓபனுக்கு நடப்பு யுஎஸ் ஓபன் சாம்பியனாகப் போனார். காற்றும் மழையும் அடித்த தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். அதே ஆண்டு பிஜிஏ பட்டத்தை மறுபடியும் வென்றாலும், அதற்குப் பிறகு பல வருஷங்களுக்குப் பெரிய பட்டம் எதுவும் கைக்கு வரவில்லை. பங்கர் ஷாட் அவருடைய பெரிய பலவீனமாகவே இருந்தது.

பிரச்சினை ஆளிடமா, மட்டையிலா?

அன்று பங்கரிலிருந்து பந்தை எடுக்கப் பயன்பட்டது 'நிப்லிக்' என்ற மட்டை. அதன் அடிப்பகுதி மெல்லியது, முன்விளிம்பு கூர்மையானது. மண்வெட்டி மாதிரி நேராக மணலை வெட்டி உள்ளே இறங்கிவிடும். பந்து வெளியே வருவது ஆடுபவரின் அதிர்ஷ்டம்.

இதற்குத் தீர்வாக, முகம் குழிவாக இருக்கும் ஒரு மட்டையும் வந்திருந்தது. அதில் பந்து ஒரே அடியில் இரண்டு முறை படும் வாய்ப்பு இருந்ததால் 1931-ல் தடை செய்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சாரசனுக்கு ஐடியா கிடைத்தது. ஹோவர்ட் ஹியூஸிடம் விமானம் ஓட்டப் பழகியபோது, விமானம் மேலே எழும்பும் நேரத்தில் வால் கீழே இறங்கி மூக்கு மேலே தூக்குவதைக் கவனித்ததாக அவர் பின்னாளில் சொன்னார். மட்டைக்கும் அதையே செய்தால் என்ன? பின்பக்கம் தாழ்வாகவும் முன்விளிம்பு சற்று உயர்ந்தும் இருந்தால், மட்டை மணலுக்குள் இறங்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

ஃப்ளோரிடாவின் நியூ போர்ட் ரிச்சியில் இருந்தபடி, நிப்லிக்கின் அடிப்பகுதியில் ஈயத்தை உருக்கி ஒட்டினார். ராவுவார், பங்கருக்குப் போய் அடித்துப் பார்ப்பார், திரும்பி வந்து மறுபடியும் ராவுவார். கடைசியில், பந்தைத் தொடாமல் அதற்குப் பின்னால் உள்ள மணலில் அடித்தாலே, மணலோடு சேர்ந்து பந்து மெதுவாக மேலெழும்பி வெளியே வந்தது.

கோட்டுக்குள் ஒளித்த மட்டை

1932-ல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன். முந்தைய வருஷம்தான் ஒரு மட்டைக்குத் தடை வந்திருந்தது. தன்னுடையதையும் முன்கூட்டியே பார்த்தால் அதிகாரிகள் தடுத்துவிடுவார்களோ என்று சாரசனுக்குப் பயம். பயிற்சி நாட்களில் அதைப் பையில் தலைகீழாகச் செருகி வைத்தார். மாலையில் கோட்டுக்குள் மறைத்து ஹோட்டல் அறைக்கு எடுத்துப் போனார்.

ஆட்டத்தில் அந்த மட்டை கைகொடுத்தது. 283 ஸ்ட்ரோக்குகளில், 5 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டம். சில வாரங்களிலேயே யுஎஸ் ஓபனையும் வென்றார். 1935-ல் மாஸ்டர்ஸ் பட்டமும் சேர, இன்று 'மேஜர்' எனப்படும் 4 பட்டங்களையும் வென்ற முதல் வீரர் ஆனார். மொத்தம் 7 மேஜர் பட்டங்கள்.

இன்று வெட்ஜ் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கடைக்குப் போனதும் பலரும் பார்ப்பது 'லாஃப்ட்' எண்ணைத்தான். மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதன் அளவு அது.

* பிட்சிங் வெட்ஜ்: சுமார் 44 முதல் 48 டிகிரி
* கேப் வெட்ஜ்: 50 முதல் 52
* சேண்ட் வெட்ஜ்: 54 முதல் 56
* லாப் வெட்ஜ்: 58 முதல் 60

பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக்கூடாது என்பது விதி. அதனால் வெட்ஜ்களுக்கு இடையே 4 முதல் 6 டிகிரி இடைவெளி இருந்தால் போதும்.

ஆனால் சாரசன் கவனித்தது மட்டையின் அடிப்பகுதியை. இன்று அதன் பெயர் 'பவுன்ஸ்'. முன்விளிம்பைவிட அடிப்பாகம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் கோணம் இது. மணல் பொலபொலவென்று இருந்தாலோ, புல்தரை ஈரமாக இருந்தாலோ 10 டிகிரிக்கு மேல் பவுன்ஸ் உதவும். தரை காய்ந்து இறுகியிருந்தால் 4 முதல் 6 டிகிரி நல்லது. அதிகமானால் மட்டை தரையில் பட்டு எகிறிவிடும். செங்குத்தாக இறக்கி அடிப்பவர்களுக்கும் பவுன்ஸ் கூடுதலாகத் தேவை.

அப்போ ஸ்பின்? குழி இருக்கும் 'கிரீன்' புல்தரையில் பந்து விழுந்ததும் நிற்க வேண்டும் என்றால் பின்சுழற்சி வேண்டும். மட்டை முகத்தில் உள்ள கோடுகள் தேயாமல், மண் அடைக்காமல் இருக்கணும். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே ஈரப்புல் மாட்டினால் ஸ்பின் குறையும். மேலுறை மென்மையான பந்தில் ஸ்பின் அதிகம் கிடைக்கும். ஆனால் மட்டை தரையில் புதைந்துவிட்டால் இது எதுவுமே வேலைக்கு ஆகாது. அதனால் முதலில் பவுன்ஸைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மீண்டும் ட்ரூன்

1973. ட்ரூனில் தோற்று சரியாக 50 வருஷம். 71 வயதில் சாரசன் அங்கே பிரிட்டிஷ் ஓபன் ஆட வந்தார். முதல் நாள், 'போஸ்டேஜ் ஸ்டாம்ப்' என்று அழைக்கப்படும் 8-வது குழியில் ஒரே அடியில் பந்தை உள்ளே போட்டார். மறுநாள் அதே இடத்தில் பந்து பங்கரில் விழுந்தது. மணலிலிருந்து அடித்தார், பந்து நேராகக் குழிக்குள் போனது. இரண்டு நாளில் அந்தக் குழிக்கு மொத்தம் 3 அடி. புல்தரையில் உருட்டும் 'பட்டர்' மட்டையை அவர் அங்கே தொடவே இல்லை.

அந்தப் போட்டியில் அவர் கடைசிச் சுற்றுகள் வரை போகவில்லை. 1999 மே 13-ல், 97 வயதில் காலமானார்.