அறிஞர் வெகனர்

கண்டப் பெயர்ச்சிக் கொள்கையைப் பற்றிக் கலைக்களஞ்சியத்திற்கு ஏற்ற குறிப்பொன்றை வரைந்து, அதன் தரத்தைச் சொல்லுமாறு நம் மாணவத் தோழர் ஒருவர் என்னிடம் தந்தார். ஆண்டுகள் பிழையின்றி இருந்தன; நடையும் நன்று. ஆயினும் அக்குறிப்பின்படி வெகனர் ஒரு நிலநூல் வல்லுநர், அவர் உண்மையைக் கண்டார், உலகம் நகைத்தது, பின்னர் ஒப்பியது. முதற்கூற்றே தவறு. எஞ்சியவை பாதி உண்மை. முழுப் பொய்யை எவரேனும் திருத்திவிடுவர். பாதி உண்மையோ களஞ்சியத்தில் நெடுநாள் குடியிருக்கும். ஆதலின் அப்பெரியாரின் வரலாற்றைச் சிறிது விரித்துரைக்க விழைகின்றேன்.

ஆல்பிரட் வெகனர் 1880 நவம்பர் 1-ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். 1905-இல் வானநூலில் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் அவர் உழைத்த துறை வானிலை ஆராய்ச்சியே. 1906-இல் தமையன் கூர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணி நேரம் வானில் மிதந்து, அந்நாளைய சாதனையை முறியடித்தார். அவ்வாண்டே கிரீன்லாந்துப் பனிப்பாலைக்கு முதன்முறை சென்றார். 1911-இல் மார்பர்க் பல்கலைக் கழக நூலகத்தில் ஒரு கட்டுரை அவர் கண்ணிற் பட்டது. அட்லாண்டிக்கின் இருகரையிலும் ஒரே வகைத் தொல்லுயிர்கள் காணப்படும் செய்தி அதில் இருந்தது. இடையே ஒரு நிலப்பாலம் இருந்து மூழ்கிற்று என்பது அக்கால அறிஞர் கருத்து. கண்டங்களே விலகிச் சென்றிருக்கலாகாதா என்று வெகனர் எண்ணினார். 1912 சனவரியில் பிராங்பர்ட்டில் அதை அவைமுன் வைத்தார். உலகப் போரில் இருமுறை காயமுற்று, 1915-இல் நூலாகவும் வெளியிட்டார்.

தோழர் பிரேசிலையும் ஆப்பிரிக்காவையும் மட்டுமே சான்று காட்டுகின்றார். நம் வீட்டுக் கொல்லையிலுள்ள சான்றை ஏன் விட்டாரோ! இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றியிருந்தன என வெகனர் கருதினார். பல்லாவரத்தில் கிடைக்கும் சார்னோகைட்டுப் பாறை ஆனைமலையிலும் நீலகிரியிலும் உண்டு. மடகாஸ்கரிலும் அண்டார்க்டிகாவிலும் உண்டு. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியைக் கொண்ட மலைத்தொடர், வாளையாற்றுப் பக்கம் வந்ததும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கின்றது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய அந்தப் பழம்பிளவு மண்டலத்தை மடகாஸ்கரின் ரனோட்சாரா மண்டலத்தோடு பொருத்திப் பார்க்கும் நிலநூலாரும் உளர், மறுப்பாரும் உளர். மூணாற்றுத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் போன்றோர்க்குப் புலம்பெயர்ந்தவர் எனப் பெயர். நாம் நிற்கும் மலையே புலம்பெயர்ந்து வந்ததன்றோ!

இனி நகைப்பு. சிலர் நகைத்தது மெய்தான். ஆயினும் மறுத்தோர் பக்கம் நியாயமும் இருந்தது. புவிச்சுழற்சியால் எழும் விசையும் கடலேற்றத்தை உண்டாக்கும் ஈர்ப்பும் கண்டங்களைத் தள்ளுகின்றன என்றார் வெகனர். அவ்விசைகள் மிக மிகச் சிறியவை என ஜெப்ரீஸ் கணக்கிட்டுக் காட்டினார். கிரீன்லாந்து ஆண்டுதோறும் பல மீட்டர் நகர்கின்றது என வெகனர் நம்பியதும் அளவைப் பிழை. கண்டங்களின் நகர்ச்சி சென்டிமீட்டர்க் கணக்கே. இதைச் சொல்லாத குறிப்பு அவரைத் தெய்வமாக்குமேயன்றி விஞ்ஞானியாகக் காட்டாது. கடலடித் தரை விரிகின்றது என்ற ஹெஸ்ஸின் கருத்து 1962-இலும், அதற்கு வைனும் மாத்யூசும் தந்த காந்தச் சான்று 1963-இலும் வந்த பின்னரே காற்று திசை மாறியது. தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை வெளியிட்ட 1954 முதல் 1968 வரையான காலமும் அதுவே. அச்சேறும்போதே அறிவு மாறுமாயின் களஞ்சியம் எழுதுவோர் எத்துணை விழிப்போடிருக்க வேண்டும்!

வெகனர் அந்த வெற்றியைக் காணவில்லை. 1930-இல் கிரீன்லாந்தின் நடுவே ஆய்வுநிலையம் ஒன்றில் குளிர்காலம் கழிக்கவிருந்த தோழர்க்கு உணவும் பொருளும் கொண்டு நாய்வண்டிகளில் புறப்பட்டார். உடன்சென்ற கிரீன்லாந்தினருள் பெரும்பாலோர் கடுங்குளிரால் திரும்பிவிட்டனர். லோவே என்பாரும் ராஸ்மஸ் வில்லும்சன் என்ற இளைஞருமே இறுதிவரை நின்றனர். அங்கே சேர்ந்தபோது லோவேயின் கால்விரல்கள் உறைந்து போயிருந்தன. பேனாக்கத்தியால் அவற்றை வெட்ட நேர்ந்தது. இருந்த உணவு எல்லார்க்கும் போதாது. தம் ஐம்பதாம் பிறந்த நாளாகிய நவம்பர் 1-ஆம் நாளில், வெகனர் ராஸ்மஸுடன் மேற்குக் கரை நோக்கித் திரும்பினார்.

1931 மே மாதம் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. ராஸ்மஸ் அதனைப் பனியில் முறையாக அடக்கம் செய்து, அடையாளமாகப் பனிச்சறுக்குக் கட்டைகளையும் நட்டுவிட்டுச் சென்றிருந்தார். அவ்விளைஞரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. தோழரின் குறிப்பில் அவர் பெயர் இல்லை. ஓரத்தில் நான் எழுதிச் சேர்த்திருக்கின்றேன்.