சாம்பல் நிற உடை: புனித மர்கரீத் த யூவில்

கனடா மண்ணில் பிறந்தவர்களுள் முதன்முதலில் புனிதர் பட்டம் பெற்றவர் ஒரு கைம்பெண். 1990ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். மர்கரீத் த யூவில் என்னும் இவர் நிறுவிய துறவற சபையைப் பற்றியும் நடத்திய மருத்துவமனையைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். அவரது இளமையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கோ அந்தப் பகுதிதான் மனதைத் தொடுகிறது.

அன்று கனடாவின் அப்பகுதி பிரான்ஸ் நாட்டின் காலனி. 'புதிய பிரான்ஸ்' என்பது அதன் பெயர். 1701ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மாண்ட்ரியாலுக்கு அருகிலுள்ள வரென் என்ற ஊரில் மர்கரீத் பிறந்தார். தந்தை படை அதிகாரி. மர்கரீத்துக்கு ஏழு வயதானபோது அவர் இறந்தார். ஆறு பிள்ளைகளோடு தாய் வறுமையில் தவித்தார். குலப்பெருமை இருந்தது, கையில் காசு இல்லை. உறவினர் உதவியால் கியூபெக்கில் உர்சுலைன் சகோதரிகளிடம் இரண்டு ஆண்டுகள் கல்வி கற்றார். பின்னர் வீடு திரும்பி, மூத்த மகளாகத் தம்பி தங்கையரை வளர்ப்பதில் தாய்க்குத் துணை நின்றார்.

வயது வந்தபோது வசதியான குடும்பத்து இளைஞர் ஒருவரோடு திருமணப் பேச்சு நடந்தது. அந்த நேரத்தில், 1720இல், தாய் ஓர் ஐரிஷ் மருத்துவரை மறுமணம் செய்துகொண்டார். தகுதிக்குக் குறைந்த சம்பந்தம் என்று ஊர் பேசியது. மகளின் திருமணம் நின்றுபோனது. காலனிச் சமூகத்தில் பெண்ணின் அன்பை விடக் குடும்ப அந்தஸ்தே திருமணத்தைத் தீர்மானித்தது. அந்த இளைஞரின் குடும்பத்தைப் பழிக்க நமக்கு என்ன உரிமை? பங்குத்தந்தையாக நான் கேட்டிருக்கும் திருமண முறிவுகள் பலவற்றின் காரணமும் இதுவேதான். மர்கரீத் தாயின் மீது கசப்புக் கொள்ளக் காரணம் இருந்தது. ஆனாலும் அவர் தாயை விட்டு விலகவில்லை.

1722ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் மாண்ட்ரியாலில் பிரான்சுவா த யூவில் என்பவரை மணந்தார். ஆளுநரே திருமண ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். அழகான, செல்வாக்குள்ள மாப்பிள்ளை! ஆனால் அவருடைய தொழில், ஆளுநரின் ஆதரவோடு பழங்குடி மக்களுக்குச் சட்டவிரோதமாகப் பிராந்தி விற்று, அவர்கள் கொண்டுவரும் விலங்குத் தோல்களை வாங்குவது. மதுவால் அம்மக்கள் சீரழிந்தனர். கணவர் அடிக்கடி வீட்டில் இருப்பதில்லை. மனைவியைப் பொருட்படுத்தியதும் இல்லை. மாமியாரோ கடுமையானவர். அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள் ஒவ்வொன்றாய் இறந்தன. பிறந்த ஆறு பேரில் நால்வரை அடக்கம் செய்தார்.

கணவர் மீது தொடக்கத்தில் அவருக்கு அன்பு இருந்ததா என்றால், இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இருபது வயதுப் பெண் கனவு இல்லாமல் மணமேடை ஏறுவதில்லை. அந்தக் கனவு சிதைந்த பிறகு, 1727ஆம் ஆண்டளவில், தந்தையாம் கடவுளின் பரிவு அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. வீட்டு நிலைமை அதனால் மாறிவிடவில்லை. ஆனால் 1730இல் கணவர் நோயுற்றபோது இறுதிவரை உடனிருந்து பணிவிடை செய்தார். அவர் இறந்தபோது மர்கரீத்துக்கு வயது 28, வயிற்றில் ஆறாவது குழந்தை, வீட்டில் கடன். ஒரு சிறு கடை நடத்தி, எஞ்சிய இரு மகன்களையும் வளர்த்தார். இருவரும் பின்னாளில் குருக்களானார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்காலச் சமூக வழக்கப்படி அவரும் அடிமைகளை வைத்திருந்தார். பின்னர் நடத்திய மருத்துவமனையிலும் அடிமைகள் வேலை செய்தனர். புனிதர் வரலாறு எழுதுவோர் சிலர் இதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். மறைப்பதால் புனிதருக்குப் பெருமை சேராது.

1737இல் பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் வீட்டிலேயே ஏற்றார். அவ்வாண்டின் இறுதி நாளில் மூன்று தோழியரோடு சேர்ந்து ஏழைகளுக்கென்று தம்மை அர்ப்பணித்தார். ஊர் சும்மா இருக்குமா? சாராய வியாபாரியின் கைம்பெண் ஏழைகள் பெயரால் அதே வியாபாரத்தைத் தொடர்கிறாள் என்று வதந்தி பரவியது. 1738இல் கோவிலுக்குச் செல்லும் வழியில் அவர்கள் மீது கல் எறிந்தனர். நற்கருணை வழங்கவும் மறுத்தார் ஒரு துறவி. பிரெஞ்சு மொழியில் சாம்பல் நிறத்தைக் குறிக்கும் சொல்லுக்குக் குடிபோதை என்ற பொருளும் உண்டு. 'சாம்பல் நிறச் சகோதரிகள்' என்று கூவியே கேலி செய்தனர். கணவர் செய்த பாவத்தின் பெயர் மனைவியின் தலையில் விழுந்தது.

மர்கரீத் மறுத்துப் பேசி வாதாடவில்லை. 1747இல் கடனில் மூழ்கிக் கிடந்த மாண்ட்ரியால் பொது மருத்துவமனையை ஏற்றார். 1755இல் சபைக்கென்று உடை தேர்ந்தெடுக்க வேண்டிய வேளை வந்தது. எந்த நிறமும் தேர்ந்துகொள்ளலாம். அவர் சாம்பல் நிறத் துணியை எடுத்தார்.